பெட்டிக்கு மேலே ஒரு கமரா

பத்து வருடத்துக்கு மேலாக ஆடைத் தொழிற்சாலைகளில் ஒடிட் செய்கிறேன். கணக்குப் பார்க்கும் ஒடிட் இல்லை. வெளிநாட்டு பையர் வாங்கும் சட்டையைத் தைத்த பிள்ளைக்குச் சம்பளம் ஒழுங்காகக் கிடைத்ததா, தீப்பிடித்தால் ஓட வழி இருக்கிறதா, சுப்பர்வைசர் வாய்க்கு வந்தபடி ஏசுகிறாரா என்று பார்த்து எழுதும் வேலை. போருக்குப் பிறகு வன்னிக்குத் தொழிற்சாலைகள் வந்ததால் ஊர்ப் பக்கமே வேலை கிடைத்தது.

சில வருடங்களுக்கு முன் இங்கே ஒரு தொழிற்சாலைக்குப் போனேன். தனி அறையில் மூன்று பிள்ளைகளிடம் ஒவ்வொருவராகக் கதைத்தேன். "ஒரு பிரச்சினையும் இல்லை மிஸ்." மூன்று பேரும் அதே சொற்களை அதே வரிசையில் சொன்னார்கள். பாடமாக்கியது தெரிந்தது. பின்னேரம் பஸ்ஸடியில் நின்றபோது அதில் ஒருத்தி பக்கத்தில் வந்தாள். "அக்கா, நீங்கள் வந்தபடியால்தான் இண்டைக்கு அஞ்சு மணிக்கே விட்டவை." உள்ளே மிஸ், வெளியே அக்கா. முறைப்பாட்டுப் பெட்டி இருக்கிறதே, எழுதிப் போடலாமே என்றேன். "பெட்டிக்கு மேலதான் கமரா இருக்கு, அக்கா."

அடுத்த நாள் போய்ப் பார்த்தேன். இருந்தது.

அவள் சொன்னதை அப்படியே எழுத முடியாது. யார் சொன்னது என்று அரை மணித்தியாலத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் உடைந்த ஊசிப் பதிவேட்டைக் கேட்டேன். தையல் ஊசி உடைந்தால் துண்டுகளைத் தேடி எடுத்து, எந்த மெஷின், எத்தனை மணி என்று எழுதி ஒட்ட வேண்டும். சட்டைக்குள் ஊசி போய்விடக்கூடாது என்பதற்காக பையர்கள் கேட்கும் பதிவு இது. வரவுப் பதிவின்படி அந்த மாதம் முழுக்க ஐந்து மணிக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். ஊசிகள் மட்டும் ஏழு மணிக்கும் ஏழரைக்கும் உடைந்திருந்தன. பெண்களுக்கு மாதம் 60 மணித்தியாலத்துக்கு மேல் ஓவர்டைம் கொடுக்கக்கூடாது என்று எங்கள் இலங்கைச் சட்டத்தில் இருக்கிறது. அதை மறைக்கத்தான் இரண்டு கணக்கு.

வெளிநாட்டில் இருக்கும் பையருக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? தெரிந்திருக்க வேண்டும் என்பதுதான் விதி. 2011-ல் ஐ.நா. மனித உரிமைப் பேரவை, வியாபாரமும் மனித உரிமையும் பற்றிய 31 வழிகாட்டும் கோட்பாடுகளை ஏற்றுக்கொண்டது. ஜோன் ரகி என்ற பேராசிரியர் தயாரித்தவை. உரிமைகளைக் காப்பது அரசின் கடமை, மதித்து நடப்பது நிறுவனத்தின் பொறுப்பு, மீறினால் பாதிக்கப்பட்டவருக்குப் பரிகாரம் கிடைக்க வேண்டும்: சாரம் இவ்வளவுதான். பெரிய நிறுவனங்கள் இதைப் பார்த்துக் கொள்கை எழுதின, சப்ளையர்களை ஆபத்தின்படி தரம் பிரித்தன, ஒடிட்டுக்கு ஆள் அனுப்பின. அடுத்த வருடமே, 2012 செப்டெம்பரில், கராச்சியில் ஓர் ஆடைத் தொழிற்சாலை தீப்பிடித்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்தான் அதற்கு நற்சான்றிதழ் கிடைத்திருந்தது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்காளதேசத்தில் ரானா பிளாசா இடிந்து ஆயிரத்து நூறுக்கு மேற்பட்டோர் போனார்கள். என் தொழிலைப் பற்றி நானே சொல்கிறேன்: ஒடிட் என்பது கலியாண வீட்டுப் படம். எல்லோரும் தலை சீவி நிற்பார்கள்.

அதனால்தான் பிறகு இதை நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கும் சட்டங்கள் வந்தன. 2017-ல் பிரான்ஸ் கொண்டுவந்தது. ஜேர்மனியின் சட்டம் 2023 ஜனவரியில் அமலுக்கு வந்தது. சப்ளையரின் சப்ளையரிடம் வேலை செய்பவரும் முறையிட ஒரு வழி வைத்திருக்க வேண்டும் என்று அது பெரிய நிறுவனங்களிடம் சொல்கிறது. நல்ல விசயம். ஆனால் நான் பார்த்த ஒரு ஹொட்லைன் இலக்கம் முதலில் சிங்களத்தில் பேசியது, பிறகு ஆங்கிலத்தில். கடைசியாக ஒரு மனிதர் வந்து பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம் கேட்டார். இந்த மூன்றையும் கேட்டால் இங்கே வாய் மூடிவிடும். ஏன் என்று 2009-க்குப் பிறகு வன்னியில் வாழ்ந்தவருக்கு நான் விளக்கத் தேவையில்லை. முறைப்பாட்டு வழி எளிதில் எட்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்பது அந்த 31-வது கோட்பாட்டிலேயே இருக்கிறது. எட்டுவது என்றால் தொலைபேசி இலக்கம் மட்டும் இல்லை.

இன்னொன்று. ஓவர்டைம் எங்கிருந்து வருகிறது? நிறத்தைக் கடைசி நேரத்தில் மாற்றிவிட்டு, கப்பல் திகதியை மாற்றாத பையரிடமிருந்தும் வருகிறது. அவர்களுடைய கொள்வனவுப் பகுதியும் மனித உரிமைப் பகுதியும் ஒரே கட்டடத்தில்தான் இருக்கும், பேச்சுவார்த்தைதான் இருக்காது. அறிக்கையில் இதை எழுத எங்களுக்குக் கட்டம் இல்லை.

சரி, தொழிற்சாலையில் வேலை செய்யும் தங்கச்சிமாருக்கு ஒன்று. சம்பளச் சிட்டையை மாதாமாதம் போனில் படம் எடுத்து வையுங்கள். சேமலாப நிதிக்கு உங்களிடம் 8 வீதம் கழித்தால் முதலாளி 12 வீதம் போட வேண்டும். நம்பிக்கை நிதியத்துக்கு 3 வீதம் அவருடைய பணம், உங்களிடம் பிடிக்கக்கூடாது. போகும் நேரத்தை ஒரு கொப்பியில் குறித்து வையுங்கள். தைக்கும் லேபலில் உள்ள பெயரையும் எழுதுங்கள். பல பெரிய பிராண்டுகள் தங்கள் இணையத்தளத்தில் முறைப்பாட்டு முகவரி வைத்திருக்கின்றன. தொழில் அலுவலகத்துக்கோ அவர்களுக்கோ ஒருத்தியாகப் போகாமல் நாலைந்து பேராகப் போனால் யார் சொன்னது என்று தேடுவது கஷ்டம்.

அந்தப் பெட்டியைப் பிறகு பெண்களின் கழிவறைப் பக்கம் மாற்றினார்கள். அடுத்த முறை போனபோது உள்ளே 11 துண்டுகள் இருந்தன. ஏழு, தண்ணீர்க் குழாய் பற்றி. நாலு, பஸ் புறப்படும் நேரம் பற்றி. குழாயைத் திருத்திவிட்டார்கள். பெட்டியின் சாவி இன்னும் மனிதவள முகாமையாளரிடம்தான் இருக்கிறது.