அரைகுறையாகச் செய்துவிட்டு மண்ணைக் குறை சொல்லாதீர்கள்

இளநாற்றை ஒற்றையாக இடைவெளி விட்டு நட்டு, தண்ணீரை அளவாகக் கட்டுவது திருந்திய நெல் சாகுபடி. அதை அரைகுறையாகச் செய்து, இந்தப் பிசானப் பருவத்தில் நான் பார்த்த மூன்றாவது வயல் இது. வீரவநல்லூர்ப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனம். ஒற்றை நாற்று நட்ட ஒரு ஏக்கர் வெளிறிக் கிடக்கிறது, கணுக்கால் அளவுத் தண்ணீரில். "நம்ம மண்ணுக்கு இது ஒத்து வராது சார்" என்கிறார் அண்ணாச்சி. ஒரு குத்தைப் பிடுங்கிக் காட்டினேன். வேர் கறுத்து, அழுகிய முட்டை வாடை. களையை அமுக்கத் தள்ளி ஓட்டும் கோனோவீடர் கருவி, சேறு படாமல் வரப்பில் சாய்ந்திருந்தது.

எந்த மண்ணுக்கு ஒத்து வராது? திருந்திய நெல் சாகுபடியை 2003-04ல் இதே தாமிரபரணிப் பாசனத்தில் 100 விவசாயிகளின் வயல்களில் சோதித்தார்கள். எக்டேருக்குச் சுமார் 1.5 டன் கூடுதலாகக் கண்டது.

"நெல்லு தண்ணிப் பயிருல்லா சார்" என்று ஊருக்கு ஊர் சொல்கிறார்கள். நெல் தண்ணீரைத் தாங்கும் பயிர், அவ்வளவுதான். தண்டிலும் வேரிலும் உள்ள காற்றறைகள் வழியே மூச்சு வாங்கிச் சமாளிக்கிறது. சமாளிப்பது வேறு, செழிப்பது வேறு. நாம் தண்ணீர் கட்டுவதில் பாதி, களையை அடக்கத்தான். இந்த முறையில் அந்த வேலை கோனோவீடருடையது. மண்ணைக் கிளறி வேருக்குக் காற்றும் தரும். நாற்றை மட்டும் ஒற்றையாக்கிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி என்றால் எப்படி?

அமெரிக்காவின் அயோவாவில் வீரிய மக்காச்சோளம் பரவிய விதத்தை ரயான், கிராஸ் என்ற இருவர் ஆராய்ந்து 1943ல் வெளியிட்டார்கள். விதையைப் பற்றிப் பலருக்கும் முதலில் சொன்னவர் விற்பனையாளர். போடத் துணிவு தந்தது அக்கம்பக்கத்தார் அனுபவம். அப்போதும் பெரும்பாலோர் முதலில் கொஞ்ச இடத்தில்தான் போட்டுப் பார்த்தார்கள். நம்மூரிலும் அப்படித்தான். ஆனால் ரோட்டோர வயல் ஒன்று வெளிறினால் பஸ்ஸில் போகிறவரெல்லாம் பார்க்கிறார். அப்புறம் நாலு போகத்துக்கு அந்த ஊரில் பேச்சே எடுக்க முடியாது.

அதனால் முதலில் பத்து சென்ட் போதும். 14, 15 நாள் நாற்று. 22.5 செ.மீ. சதுரத்துக்கு ஒன்று. பறித்த நாற்றை வரப்பில் போட்டுவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள். வேர் காயும் முன் நட வேண்டும். பயிர் பிடித்த பிறகு, மண்ணில் மயிரிழை வெடிப்பு கண்டால் ஓர் அங்குலத் தண்ணீர். பத்தாம் நாள் தொடங்கி, பத்து நாளுக்கு ஒரு தரம் வீடர், களை தெரியாவிட்டாலும். மேல்வயல் தண்ணீர் வடிந்து நிற்கும் பள்ளத்து வயலில் மட்டும் தயவுசெய்து ஆரம்பிக்க வேண்டாம்.

அண்ணாச்சியைத் தண்ணீரை வடிக்கச் சொல்லி, வீடரை இரண்டு வரிசை நானே ஓட்டிக் காட்டிவிட்டு வந்தேன். கார் பருவ நடவுக்கு நினைத்திருப்பவர்கள் நாற்றங்கால் போடும்போதே கூப்பிடுங்கள், வருகிறேன்.