நூல் இழுத்த இழுப்பில் ஒரு முகம்

துணிப் பொம்மையின் தலைக்காகப் பஞ்சடைத்த துணி உருண்டை ஒன்று. வண்ணம் தீட்டாமல், எதையும் ஒட்டாமல், ஊசியும் நூலும் மட்டும் வைத்து அதில் மூக்கு, கன்னம், குழிந்த கண் எல்லாம் கொண்டுவந்துவிடலாம். சிற்பம்தான்; ஆனால் எதையும் செதுக்கி எடுப்பதில்லை.

முதலில் துணி. சட்டைத் துணியில் பாவும் ஊடும், அதாவது நீள இழையும் குறுக்கிழையும், செங்கோணத்தில் குறுக்கிடுவதால் அது அவ்வளவாக நீளாது. கிராஸாக, அதாவது மூலைவாட்டில் இழுத்தால்தான் கொஞ்சம் இளகும். உருண்டையின் மேல் போர்த்தினால் சுருக்கம் விழும், அதை மடித்து டாட் பிடித்துத் தைக்க வேண்டிவரும். பனியன் துணியும் நைலான் காலுறையும் அப்படியில்லை. வளையம் வளையமாகக் கோத்துப் பின்னியவை அவை. இழுக்கும்போது வளையம் வடிவம் மாறிக் கொடுப்பதால், மேடோ பள்ளமோ, தோல்போல் படிந்துகொள்ளும்.

உள்ளே பாலியஸ்டர் பஞ்சு. அதன் இழைகள் நெளிநெளியானவை. ஒவ்வொன்றும் ஒரு குட்டி ஸ்பிரிங். அமுக்கினால் வளையும், விட்டால் நிமிரும். பருத்திப் பஞ்சோ நாளடைவில் கட்டிதட்டிப்போகும்.

சரி, கண்ணுக்கு வருவோம். தலையின் பின்பக்கம் முடிச்சுப் போட்டு, ஊசியை முன்பக்கம் கண் வரவேண்டிய இடத்தில் வெளியே எடுக்கிறோம். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் தள்ளி மறுபடி உள்ளே விட்டுப் பின்னால் இழுத்தால் பள்ளம் விழும். வந்த ஓட்டையிலேயே திருப்பி விட்டால் பிடிமானமில்லாமல் நூல் உருவிக்கொண்டு வந்துவிடும். நூல் உள்ளே இழுக்கிறது, அமுங்கிய பஞ்சு வெளியே தள்ளுகிறது. இரண்டும் சமமாகும் இடத்தில் பள்ளம் நிற்கிறது.

எனக்குப் பிடித்தது மூக்கு. ஊசி முனையால் பஞ்சைக் கொஞ்சம் மேலே தூக்கிவிட்டு, துணிக்கடியில் இரு பக்கமும் மாறி மாறி நூலோட்டி இறுக்க வேண்டும். பக்கவாட்டில் விரிய வழியில்லாத பஞ்சு மேலே புடைத்துக்கொள்ளும்.

பஞ்சைக் குறைவாக அடைத்தால் நூலோடு சேர்ந்து தலையே ஒடுங்கும். ரொம்பத் திணித்தால் இழைகள் ஒன்றோடொன்று முட்டி, வளைய இடமின்றி விறைத்துவிடும். என் முதல் பொம்மையில் நூல் மூன்று முறை அறுந்தது. கண் மட்டும் குழியவே இல்லை.

இந்தப் பள்ளங்களின் ஆழம் சில மில்லிமீட்டர்தான். ஆனால் வெளிச்சம் மேலிருந்து வருவதாக எடுத்துக்கொண்டு, நிழலை வைத்தே மேடு பள்ளத்தைக் கணிப்பது நம் மூளையின் பழக்கம். அதனால் தைக்கும்போது விளக்கைப் பொம்மைக்கு மேலே வைத்துக்கொள்ளுங்கள். கீழே வைத்துத் தைத்தால், சிரிக்கவைத்த பொம்மை, மேலிருந்து வெளிச்சம் விழும் அலமாரிக்குப் போனதும் முறைக்கும்.