சால்வோ என்றால் குண்டுமழையா?

இரண்டாம் உலகப் போரின் கடற்சண்டைகளைத் தமிழில் எழுதும்போது 'சால்வோ' (பல பீரங்கிகள் சேர்ந்து ஒரு தடவை சுடுவது) என்ற சொல் வந்தால் பல நேரம் 'குண்டுமழை' என்று போட்டுவிடுகிறோம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் 1941 மே 24 அன்று டென்மார்க் நீரிணையில் நடந்ததை அந்தச் சொல்லை வைத்து எழுதிப் பாருங்கள். ஜெர்மனியின் பிஸ்மார்க் என்ற போர்க்கப்பல் சுட்ட ஐந்தாவது சால்வோவில் பிரிட்டனின் ஹூட் என்ற போர்க்கப்பல் வெடித்துப் பிளந்தது. அதிலிருந்த 1,418 பேரில் 3 பேர்தான் பிழைத்தார்கள். இதை 'ஐந்தாவது குண்டுமழையில்' என்று எழுதினால் உதைக்கிறதல்லவா? மழையை யாரும் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதில்லை. சால்வோவை எண்ணித்தான் சுட்டார்கள்.

சொல்லின் பிறப்பு சண்டையில் இல்லை, வணக்கத்தில் இருக்கிறது. லத்தீனில் 'சால்வே' என்றால் 'நலமாக இரு' என்ற வாழ்த்து. அதிலிருந்து இத்தாலிய மொழியில் 'சால்வா', அதாவது மரியாதைக்காகப் பீரங்கிகளை முழக்குவது. 16ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்துக்குப் போய், கொஞ்சம் உருமாறி 'சால்வோ' ஆனது. பிறகு வாழ்த்து கழன்றுகொண்டது. பல பீரங்கிகள் சேர்ந்து வெடிப்பது என்ற பொருள் மட்டும் நின்றது.

சரி, போர்க்கப்பல்கள் ஏன் பீரங்கிகளைச் சேர்த்துச் சுட்டன? நொறுக்குவதற்கு என்று தோன்றும். முதல் காரணம் அதுவல்ல, தூரத்தை அளப்பது. 18 கி.மீ. தள்ளியிருக்கும் கப்பலைப் போய்ச் சேர ஒரு பெரிய குண்டுக்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். அதற்குள் 28 நாட் (மணிக்குச் சுமார் 52 கி.மீ.) வேகத்தில் ஓடும் கப்பல் 400 மீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும். ஆகவே அது இருக்கும் இடத்தைப் பார்த்துச் சுட்டுப் பயனில்லை, இருக்கப்போகும் இடத்தைக் கணக்கிட வேண்டும். ஒற்றைக் குண்டை விட்டுப் பார்த்தால், விலகியது கணக்கா குண்டா என்று தெரியாது. ஒரே குழல், ஒரே குறி என்றாலும் இரண்டு குண்டுகள் ஒரே இடத்தில் விழுவதில்லை. நான்கு குண்டுகள் ஒன்றாக விழுந்தால்தான் கணக்கின் குறை பிடிபடும்.

அதனால் பிரிட்டிஷ் கடற்படையில் ஒரு வழக்கம் இருந்தது. டரட் எனப்படும் ஒவ்வொரு சுழல்மேடையிலும் இரண்டு குழல்கள் என்றால், முதலில் மேடைக்கு ஒரு குழல் சுடும். அது குண்டு நிரப்பிக்கொள்ளும் நேரத்தில் மற்றது சுடும். உயரத்தில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி தொலைநோக்கியில் நீர்த்தூண்கள் எழுவதைப் பார்ப்பார். எதிரிக் கப்பலுக்கு முன்னால் எழுந்து அதை மறைத்தால் குண்டு குறைந்து விழுகிறது. கப்பலுக்குப் பின்னால் எழுந்தால் தாண்டிப் போகிறது. முன்னால் சில, பின்னால் சில என்று எழுந்தால் தூரம் சரி. அதற்கப்புறம் வேகமாகச் சுட்டுக்கொண்டே இருக்க வேண்டியதுதான், ஏதாவது ஒன்று பட்டே தீரும். பல கப்பல்கள் ஒரே இலக்கைச் சுட்டால் எந்தத் தூண் யாருடையது என்ற குழப்பம் வரும். அமெரிக்கர்கள் அதற்காகக் கப்பலுக்கு ஒரு நிறமாகக் குண்டில் சாயப்பொடி அடைத்தார்கள்: அயோவாவுக்கு ஆரஞ்சு, நியூ ஜெர்சிக்கு நீலம், மிசூரிக்குச் சிவப்பு, விஸ்கான்சினுக்குப் பச்சை.

அயோவா வகைக் கப்பலின் மேடைக்குள் ஒரு குழலுக்கு 1,225 கிலோ குண்டு ஒன்று, அதற்குப் பின்னால் தலைக்கு 50 கிலோவாக ஆறு மருந்துப் பைகள். இவற்றை உள்ளே தள்ளிப் பின்கதவைப் பூட்டி அடுத்த சுடுதலுக்குத் தயாராக அரை நிமிடம்தான். சுடும் முடிவு மேடையில் இருப்பவர்கள் கையில் இல்லை. கப்பல் அலையில் சாய்ந்து எழும்போது, தளம் குறித்த கோணத்துக்கு வரும் கணத்தில், சாய்வை உணரும் சுழலச்சுக் கருவி (ஜைரோஸ்கோப்) மின்சுற்றை இணைக்கும். மூன்று குழல்களில் நடுக்குழல் மட்டும் 0.06 நொடி பிந்தி வெடிக்கும், பக்கத்துக் குண்டுகளின் அதிர்ச்சியில் வழி தவறாமலிருக்க. இப்படி எல்லாக் குழல்களையும் ஓரிடத்திலிருந்து இயக்கும் முறைக்குப் பாடுபட்டவர் பெர்சி ஸ்காட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி. 1912 நவம்பரில் அந்த முறையுடன் தண்டரர் என்ற கப்பலும், அது இல்லாமல் ஓரியன் என்ற கப்பலும் போட்டிக்குச் சுட்டபோது, தண்டரர் பல மடங்கு அதிகமாக இலக்கைத் தாக்கியது.

கூடவே வரும் இன்னொரு சொல் 'பிராட்சைடு'. முதலில் கப்பலின் பக்கவாட்டுக்கே அதுதான் பெயர். பாய்மரக் காலத்தில் ஒரு பக்கத்துப் பீரங்கிகள் அனைத்தும் சேர்ந்து வெடிப்பதையும் அது குறித்தது. 1906இல் வந்த டிரெட்நாட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலில் 10 பெரும் பீரங்கிகள். அவற்றில் 8 ஒரே பக்கம் திரும்பும், அந்த எட்டும் சேர்ந்ததே அதன் பிராட்சைடு. ஜெர்மானியர் முழுவதும் சுடுவதை 'முழு சால்வோ' என்ற பொருள் தரும் சொல்லால் அழைத்தார்கள். அமெரிக்கர்களோ பாதி சுட்டாலும் முழுதும் சுட்டாலும் சால்வோ என்பார்கள்.

தமிழுக்கு வருவோம். 'பீரங்கி'யே பரங்கியரின் பெயரோடு வந்த சொல்தான், அது இருக்கட்டும். நமக்கு 'வேட்டு' இருக்கிறது. திருவிழாவில் அதிர்வேட்டு, இலங்கைச் செய்திகளில் மரியாதை வேட்டு, துப்பாக்கிக்கும் வேட்டுச் சத்தம். வணக்கமும் வெடிப்பும் ஒரே சொல்லில் அடங்குகின்றன, 'சால்வா'வில் இருந்ததைப் போலவே. ஆகவே சால்வோவுக்குக் 'கூட்டுவேட்டு', பிராட்சைடுக்கு 'முழுவேட்டு' என்பது என் பரிந்துரை. 'பக்கவேட்டு' என்றும் சொல்லலாம்தான். ஆனால் சுழலும் மேடைகள் வந்த பிறகு பக்கத்தை விட முழுமைதான் முக்கியம். எண்ணவும் இடம் தருகிறது: பிஸ்மார்க்கின் ஐந்தாவது கூட்டுவேட்டில் ஹூட் மூழ்கியது. 1944 அக்டோபர் 25 அன்று பிலிப்பைன்ஸின் சுரிகாவ் நீரிணையில் அமெரிக்காவின் மிசிசிப்பி 12 குழல்களாலும் ஒரே ஒரு முழுவேட்டு விட்டது. 'பேட்டில்ஷிப்' எனப்படும் பெரும் போர்க்கப்பல் ஒன்று அதே வகைக் கப்பலை நோக்கிச் சுட்டது அதுவே கடைசி.

ஒரே இடத்தில்தான் இந்தச் சொல் கைகொடுக்காது. இப்போது ஏவுகணைகளை அடுத்தடுத்து விடுவதையும் சால்வோ என்கிறார்கள். ஏவுகணையில் குழலும் இல்லை வேட்டும் இல்லை. அங்கே 'ஒருசேர ஏவினார்கள்' என்று எழுதிவிட்டுப் போகலாம்.