கணக்கிலிருந்து பணம் போய்விட்டால்: 3 வேலை நாள் விதி என்ன சொல்கிறது?

நமக்குத் தெரியாமல் வங்கிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்பட்டால், 'போனது போனதுதான்' என்று பலர் கைகழுவி விடுகிறார்கள். அப்படி விட வேண்டியதில்லை. நம் அனுமதி இல்லாமல் மின்னணு முறையில் பணம் போனால் அதில் நம் தலையில் எவ்வளவு விழும், வங்கி எவ்வளவு ஏற்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று சுற்றறிக்கை போட்டு வரையறுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் கூட்டுறவு வங்கிகளுக்கும், 2019 ஜனவரியில் வங்கி அல்லாத வாலட் நிறுவனங்களுக்கும் இதே மாதிரி விதிகள் வந்தன.

விதி பார்ப்பது இரண்டே விஷயம்: தவறு யாருடையது, நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொன்னீர்கள்.

வங்கியின் குறைபாட்டாலோ, அதன் ஊழியர் உடந்தையாக இருந்ததாலோ பணம் போயிருந்தால் உங்களுக்கு இழப்பு பூஜ்யம். நீங்கள் புகார் செய்தீர்களா என்பதுகூட அங்கே கேள்வியில்லை. தவறு வங்கியிடமும் இல்லை, உங்களிடமும் இல்லை, நடுவில் எங்கோ விவரம் களவு போயிருக்கிறது என்றால், வங்கியின் தகவல் உங்களுக்கு வந்து 3 வேலை நாளுக்குள் சொல்லிவிட வேண்டும். சொன்னால் அப்போதும் இழப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் ஆகிவிட்டால் ஒவ்வொரு பரிவர்த்தனையிலும் உங்கள் இழப்புக்கு உச்சவரம்பு உண்டு: குறைந்தபட்ச இருப்பு வேண்டாத அடிப்படை சேமிப்புக் கணக்கு என்றால் அதிகபட்சம் ரூ.5,000, மற்ற சேமிப்புக் கணக்குகளுக்கும் ரூ.5 லட்சம் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டுகளுக்கும் ரூ.10,000; அதற்கு மேற்பட்ட வரம்புள்ள கார்டுகளுக்கு ரூ.25,000. 7 நாளையும் தாண்டினால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படிதான். அந்தக் கொள்கையை வங்கி பொதுவில் வெளியிட்டிருக்க வேண்டும், கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கவனக்குறைவு என்றால் கதை வேறு. ஓடிபி, பின், பாஸ்வேர்டு எதையாவது யாருக்காவது சொல்லியிருந்தால், வங்கிக்குத் தெரிவிக்கும் நிமிடம் வரை போன பணம் உங்கள் இழப்புதான். ஆனால் அதே விதியின் அடுத்த வரியைப் பலர் படிப்பதில்லை: தெரிவித்த பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. 'நானே ஓடிபி சொல்லிட்டேன், இனி எந்த முகத்தோட பேங்குக்குப் போறது' என்று கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான் இரண்டாவது, மூன்றாவது தொகை போகிறது. தப்பு செய்தவரும் உடனே போன் போட வேண்டும். சொல்லப்போனால் அவர்தான் முதலில் போட வேண்டும். இன்னொன்று, வாடிக்கையாளர் மேல்தான் தவறு என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. நீங்கள் நிரபராதி என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

நாள் கணக்கு எப்படி? தகவல் வந்த நாள் சேராது. உங்கள் கிளை வேலை செய்யும் நாட்கள் மட்டுமே எண்ணப்படும். வெள்ளி இரவு 11 மணிக்கு எஸ்எம்எஸ் வந்தது, மறுநாள் இரண்டாவது சனி, அடுத்து ஞாயிறு என்றால் திங்கள்தான் முதல் நாள். புதன் மூன்றாவது நாள். அதற்காகப் புதன் வரை காத்திருக்காதீர்கள். திருடனுக்கு வங்கி விடுமுறை கிடையாது.

தினசரிப் பாதுகாப்புப் பழக்கம் எதையும் இந்த விதியோடு வைத்துப் பார்த்தால் எது முக்கியம் என்று விளங்கிவிடும். எஸ்எம்எஸ் வந்ததிலிருந்துதான் கடிகாரம் ஓடுகிறது. ஆகவே பழைய மொபைல் எண்ணே வங்கியில் பதிவாகியிருப்பது பெரிய ஓட்டை. எண் மாறினால் வங்கியில் மாற்றுங்கள், மின்னஞ்சல் அலர்ட்டையும் சேர்த்துக் கொள்ளுங்கள், விளம்பரத் தொல்லை என்று வங்கிச் செய்திகளை மியூட் செய்யாதீர்கள். சிம்மில் திடீரென்று சிக்னல் போய், நீண்ட நேரம் வராவிட்டால் டவர் பிரச்சினை என்று சும்மா இருக்காமல், வேறொரு போனிலிருந்து மொபைல் நிறுவனத்தைக் கேளுங்கள். உங்கள் எண்ணில் யாரோ புது சிம் வாங்கியிருக்கலாம். கார்டில் ஆன்லைன், வெளிநாடு, தட்டிச் செலுத்தும் வசதிகளைத் தனித்தனியாக அணைத்து வைக்கவும், வரம்பு வைக்கவும் வங்கி வசதி தர வேண்டும் என்பது 2020 முதல் விதி. பயன்படுத்தாததை அணைத்துவிடுங்கள், இரண்டு நிமிட வேலை. வங்கி இணையதள முகவரி 'டாட் பேங்க் டாட் இன்' என்று முடிகிறதா என்றும் பாருங்கள். 2025 அக்டோபர் 31-க்குள் எல்லா வங்கிகளும் அதற்கு மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி கெடு வைத்திருந்தது.

இந்த விதியில் ஒரு பெரிய இடைவெளி இருக்கிறது. இது 'அனுமதி இல்லாத' பரிவர்த்தனைக்கானது. யாரோ போலீஸ் வேஷத்தில் வீடியோ காலில் மிரட்டி, நீங்களே பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி 'அனுமதித்த' பரிவர்த்தனை என்றே சொல்லும். இப்படி மிரட்டுவதைத்தான் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்கிறார்கள்; சட்டத்தில் அப்படி ஒன்றுமே இல்லை. யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை; பின் கேட்டால் பணம் போகப்போகிறது என்று பொருள்.

அங்கேதான் 1930 என்ற உதவி எண் கைகொடுக்கும். உள்துறை அமைச்சகத்தின் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் நடத்தும் இந்த அமைப்பு 2021-இல் வந்தது. நீங்கள் சொல்லும் விவரத்தை வைத்து, பணம் கைமாறிக்கொண்டிருக்கும் கணக்குகளில் அதை முடக்க முயல்வார்கள். மோசடிக்காரர்கள் பணத்தைப் பல கணக்குகளுக்குப் பிரித்துக் கடத்துவதால் முதல் சில மணி நேரம்தான் முக்கியம். கூப்பிடும்போது வங்கி பெயர், கணக்கு எண், தொகை, நேரம், பரிவர்த்தனை எண் கையில் இருக்கட்டும். யுபிஐ என்றால் அது 12 இலக்க எண், செயலியின் வரலாற்றில் கிடைக்கும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஒப்புகை எண்ணை வைத்து 24 மணி நேரத்துக்குள் சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் முழுப் புகாரையும் பதிய வேண்டும். 1930-க்குச் சொன்னால் வங்கிக்குச் சொன்னதாக எண்ணிக்கொள்ளாதீர்கள். 3 நாள் கடிகாரம் வங்கியிடம் தனியாக ஓடுகிறது. இரண்டும் செய்யுங்கள்.

சிறு வியாபாரிகளுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களின் நடப்புக் கணக்கு, ஓவர்டிராஃப்ட், கேஷ் கிரெடிட் எல்லாவற்றுக்கும் 4 முதல் 7 வேலை நாளில் சொன்னால் இழப்பின் உச்சவரம்பு அதே ரூ.10,000தான். ஆனால் கடைகளில் நடப்பதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது: முதலாளி போனுக்கு வரும் ஓடிபியை கேஷியர் சத்தமாகக் கேட்டு வாங்குகிறார், நெட்பேங்கிங் பாஸ்வேர்டு மேஜையில் ஒட்டிய சீட்டில் இருக்கிறது. பிறகு பணம் போனால் வங்கி எதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் பதிய, இன்னொருவர் ஒப்புதல் தரும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். சப்ளையரின் பெயரில் 'எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது' என்று மெயில் வந்தால், பழைய எண்ணில் போன் செய்து உறுதி செய்த பிறகே அனுப்புங்கள். நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் அனுப்பும் முன் கணக்கின் பெயரைப் பார்த்துக்கொள்ளும் வசதி 2025 ஏப்ரலிலிருந்து கட்டாயம். அதை ஒருமுறை தட்டிப் பார்க்கச் சோம்பல் படாதீர்கள். கணினியில் யாராவது புகுந்துவிட்டாலோ, கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் தாக்கினாலோ, மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்கு 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 உத்தரவு.

சரி, வங்கியிடம் சொன்னதும் என்ன நடக்க வேண்டும்? புகார் எண், தேதி, நேரத்துடன் உடனே பதில் வர வேண்டும். அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பத்திரப்படுத்துங்கள். தெரிவித்ததிலிருந்து 10 வேலை நாளுக்குள் அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாளுக்குள் புகாரை முடிக்க வேண்டும். கிளையில் 'ஹெட் ஆபீஸ்ல கேட்டிருக்கோம், வெயிட் பண்ணுங்க' என்றால் எழுத்தில் தரச் சொல்லுங்கள். எழுத்துப்பூர்வப் புகாருக்கு 30 நாளில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் ஆன்லைனில் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். சந்தேகம் இருந்தால் ரிசர்வ் வங்கியின் 14448 என்ற எண்ணில் கேட்டுக்கொள்ளலாம்.