ஸ்டெம்பாஸ்

நெதர்லாந்தில் தேர்தலுக்கு இரண்டு வாரம் முன்பே தபாலில் வந்து விழும் தாள்தான் ஸ்டெம்பாஸ். வாக்குரிமை உள்ளவர் தனியாகப் பெயர் பதிய வேண்டியதில்லை. நகராட்சிப் பதிவேட்டில் முகவரி இருந்தால் தானாகவே வரும்.

டச்சில் ஸ்டெம் என்றால் குரல். பாடகரின் குரலும் ஸ்டெம், போடும் ஓட்டும் ஸ்டெம். ஸ்டெம்மென் என்று வினையாக்கினால் ஓட்டுப் போடுவது. பியானோவுக்குச் சுருதி சேர்ப்பதும் அதே சொல்தான்! நம் வாக்கும் அப்படித்தான். வடமொழியிலிருந்து பேச்சு என்ற பொருளோடு வந்து, அருள்வாக்கு, கொடுத்த வாக்கு என்று வளர்ந்து, பிற்பாடுதான் வாக்குச்சாவடிக்குப் போனது. ஓட்டின் கதை வேறு. ஆங்கிலம் வழியாக வந்த அதன் மூலம் ‘வோட்டும்’ (votum) என்ற லத்தீன் சொல், அதாவது நேர்த்திக்கடன்.

பாஸ், நம் பஸ் பாஸில் இருக்கும் அதே பாஸ்.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? வாக்குச் சீட்டு என்றால் தவறு. அது உள்ளே போய்ச் சிவப்புப் பென்சிலால் வட்டத்தை நிரப்பும் தாள், டச்சில் ஸ்டெம்பில்யெட். வாக்காளர் அட்டை என்பதும் குழப்பும். எனக்குத் தெரிந்த அக்கா ஒருவர் ஊர் நினைப்பில் ஸ்டெம்பாஸை அலமாரியில் பத்திரமாக வைத்துவிட்டு, அடையாள அட்டையோடு மட்டும் போனார். திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஸ்டெம்பாஸ் அந்த ஒரு தேர்தலுக்கு மட்டும்தான். கொடுத்தால்தான் வாக்குச் சீட்டு கிடைக்கும், திரும்பி வராது. அதனால் வாக்களிப்பு அனுமதிச் சீட்டு என்பதே பொருந்தும். நீளம்தான், ஆனால் வேலையைச் சொல்லிவிடுகிறது.

எல்லோருக்கும் எல்லாத் தேர்தலுக்கும் இது வராது. 150 பேர் கொண்ட நாடாளுமன்றக் கீழவைக்கு டச்சுக் குடியுரிமை வேண்டும். நகராட்சி மன்றத்துக்கு அப்படியில்லை. வெளிநாட்டவருக்கும் அந்த வாக்குரிமையைச் சட்டத்தின் மூலம் தரலாம் என்று அரசியலமைப்பின் 130ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. 1986 நகராட்சித் தேர்தலிலிருந்து அவர்களும் வாக்களிக்கிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்தவர் 18 வயது நிரம்பி, ஐந்து ஆண்டுகள் இடைவிடாமல் சட்டப்படி வசித்திருக்க வேண்டும். ஒன்றிய நாட்டவருக்கு அந்த ஐந்தாண்டுக் காத்திருப்பு கிடையாது.

அப்புறம், அன்று போக முடியாதவர் ஸ்டெம்பாஸின் பின்புறத்தை நிரப்பிக் கையெழுத்திட்டு, அதே நகராட்சியில் வாக்குள்ள இன்னொருவரிடம் கொடுத்தனுப்பலாம். கூடவே தன் அடையாள அட்டையின் நகலும் வேண்டும். ஒருவர் அப்படி இரண்டு பேருக்கு மேல் சுமக்க முடியாது, அதையும் தன் ஓட்டைப் போடும்போதே போட்டுவிட வேண்டும்.