கார்டு நம்பரைச் சரியாகச் சொன்னால் நம்பிவிடுவதா?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் வங்கி முகப்பில் வேலை செய்கிறேன். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டி ஓய்வு பெற்ற பெரியவர்கள் நிறைய பேர் வருவார்கள். போன் மோசடியில் பணத்தைப் பறிகொடுத்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "என் கார்டு நம்பர் எதுல தொடங்குதுன்னு சரியாச் சொன்னான் தம்பி, பேங்க் ஆளுன்னு நம்பிட்டேன்."

அந்த 16 இலக்க எண்ணுக்குள் ஒரு கணக்கு இருக்கிறது. வலது ஓரத்திலிருந்து இரண்டாவது, நான்காவது, ஆறாவது என்று ஒன்றுவிட்டு ஒன்றை இரட்டிப்பாக்குங்கள். வருவது 9-ஐத் தாண்டினால் 9-ஐக் கழியுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் கூட்டினால், தொகை 10-ஆல் மீதியின்றி வகுபட வேண்டும். மென்பொருள் சோதனைக்குப் பயன்படுத்தும் 4111 1111 1111 1111 என்ற எண்ணைப் பாருங்கள். 4 இரட்டித்து 8, ஏழு 1-கள் இரட்டித்து 14, மீதமுள்ள எட்டு 1-கள் 8. மொத்தம் 30. சரி. கடைசி 1-ஐத் தவறுதலாக 7 என்று அடித்தால் 36, உடனே மாட்டிக்கொள்ளும்.

ஐபிஎம் நிறுவனத்தின் ஹான்ஸ் பீட்டர் லூன் 1954-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த முறை இது. ஒரே ஓர் இலக்கம் பிசகினால் தப்பவே தப்பாது. பக்கத்து இலக்கங்கள் இரண்டு இடம் மாறினாலும் பிடித்துவிடும். 09 என்பது 90 ஆனாலோ, 90 என்பது 09 ஆனாலோ மட்டும் தெரியாது. 9-ஐ இரட்டித்தால் 18, அதில் 9 போனால் மறுபடியும் 9 தானே. அழகான கணக்கு என்று இன்றும் எனக்குத் தோன்றும்.

ஆனால் இது கைத்தவறைப் பிடிக்க வந்த கணக்கு. ஏமாற்றுக்காரன் மனம்போல 15 இலக்கங்களை எழுதினாலும், பொருந்துகிற 16-ஆவது இலக்கம் ஒன்று கட்டாயம் கிடைக்கும். தொடக்க இலக்கங்கள் கார்டு எந்த வங்கியுடையது என்பதைத்தான் காட்டும். உங்களுக்கும் அடுத்த வீட்டுக்காரருக்கும் ஒரே வங்கியின் ஒரே வகைக் கார்டு என்றால் அவை ஒன்றாகவே இருக்கலாம். அதைச் சொல்லிவிட்டு "சரிதானே பாட்டி?" என்று கேட்பவனுக்கு உங்களைப் பற்றி எதுவுமே தெரியாமல் இருக்கலாம். அடையாளக் கார்டு எண்ணும் அப்படித்தான்: முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண்.

கார்டின் பின்பக்கத்து மூன்று இலக்கம் வேறு சங்கதி. வங்கி தன் இரகசியச் சாவியைக் கொண்டு உருவாக்குவது அது. கூட்டிப் பெருக்கிக் கண்டுபிடிக்க முடியாது. அதனால்தான் உங்கள் வாயிலிருந்தே அதை வரவழைக்கப் பார்க்கிறார்கள். அதையும், கார்டின் இரகசிய PIN நம்பரையும், பரிமாற்றத்தை உறுதிசெய்யப் போனுக்கு வரும் தேக் (TAC) எண்ணையும் யாரிடமும் சொல்லாதீர்கள், முகப்பில் உட்கார்ந்து நானே கேட்டாலும் சரி. நீங்கள் தொடங்காத பரிமாற்றத்துக்குச் செயலியில் ஒப்புதல் கேட்டால் தொடவே வேண்டாம்.

சொல்லித் தொலைத்துவிட்டீர்களா? மகன் வேலை முடிந்து வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பணம் சில நிமிடங்களில் கணக்கு மாறிக் கணக்கு போய்விடும். உடனே மோசடிப் புகார்களுக்கான தேசிய மையத்தின் 997-க்கு அழையுங்கள், பிறகு போலீஸ் புகார் செய்யுங்கள்.