ஆளில்லாத சட்டியில் வேகும் கறி

மாட்டின் தோள்பட்டைக் கறியில் ஒன்றரை கிலோ துண்டு ஒன்றை எடுத்து, மூடிய சட்டியில் சிறு தீயில் ஒரு மணி நேரம் வேகவிட்டு, முள்கரண்டியால் குத்திப் பாருங்கள். இறங்காது. பச்சையாக இருந்தபோது இருந்ததைவிடச் சுருங்கி, கெட்டியாகி, ரப்பர் மாதிரி இருக்கும். நிறைய பேர் இந்த இடத்தில்தான் "கறி முத்தல்" என்று முடிவு கட்டி அடுப்பை அணைத்துவிடுகிறார்கள். அணைக்காமல் இன்னும் இரண்டரை மணி நேரம் விட்டுப் பாருங்கள். முள்கரண்டியைச் செருகி லேசாகத் திருப்பினாலே கறி இழை இழையாகப் பிரிந்து விழும். சேர்த்தது எதுவும் இல்லை, காத்திருந்தது மட்டும்தான்.

அமெரிக்காவில் டெக்சாஸ் தொடங்கி மொன்டானா வரை, ராஞ்ச் எனப்படும் மாட்டுப் பண்ணைகளில் இதற்குப் பெயர் பாட் ரோஸ்ட். காலையில் சட்டியை ஏற்றிவிட்டு வீட்டிலுள்ள எல்லோரும் கிளம்பிவிடுவார்கள். அறுந்த வேலியைக் கட்ட வேண்டும், கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போட வேண்டும், வைக்கோல் கட்டுகளை ஏற்ற வேண்டும். திரும்பி வரும்போது சாப்பாடு தயாராக இருக்கும். பழைய பண்ணை வழக்கில் 'டின்னர்' என்றால் மதியச் சாப்பாடு, இரவில் சாப்பிடுவது 'சப்பர்'. கடும் வேலைக்கு நடுவில் வருவதால் மதியம்தான் பெரிய பந்தி. அந்த வீட்டின் வேலை நேரமும் இந்தக் கறி கேட்கிற வேதியியலும் ஒன்றுக்கொன்று இவ்வளவு கச்சிதமாகப் பொருந்திவந்ததுதான் எனக்கு இதில் பெரிய ஆச்சரியம்.

முதலில் கறியைப் பார்ப்போம். நாளெல்லாம் நடந்து மேய்கிற மாட்டின் கழுத்தும் தோளும் ஓயாமல் உழைக்கின்றன. உழைக்கிற தசையில் நார்களைச் சேர்த்துக் கட்டிவைக்கக் கயிறு அதிகம் வேண்டும். அந்தக் கயிறுதான் கொலாஜன். இதை உவமைக்காகச் சொல்லவில்லை. மூன்று புரத இழைகள் ஒன்றையொன்று சுற்றி முறுக்கிக்கொண்ட, நிஜமான முப்புரிக் கயிறு அது. மாட்டுக்கு வயது ஏற ஏற இந்தக் கயிறுகளுக்கு நடுவே குறுக்குப் பிணைப்புகள் உறுதிப்படும். கிழட்டு மாட்டின் கறி லேசில் வேகாததற்குக் காரணம் இதுதான். மென்மைக்குப் பெயர்போன டெண்டர்லாயின் ஒரு மாட்டில் சில கிலோதான் தேறும். 'சக்' என்று அவர்கள் சொல்லும் தோள் பகுதியோ மொத்த இறைச்சியில் ஏறக்குறைய கால் பங்கு. சொந்த மாட்டை அறுத்து ஆண்டு முழுவதும் சாப்பிடுகிற குடும்பத்துக்கு இந்தக் கெட்டிக் கறியைப் பக்குவப்படுத்தத் தெரியாமல் முடியாது.

சூடு ஏறும்போது உள்ளே நடப்பது இது. 50 டிகிரி செல்சியஸ் வாக்கில் தசைப் புரதங்கள் உருக்குலைந்து இறுகத் தொடங்கும். 60 டிகிரியைத் தாண்டியதும் கொலாஜன் உறை சுருங்கி, ஈரத்துணியைப் பிழிகிற மாதிரி, நார்களிலிருந்து நீரைப் பிழிந்து வெளியேற்றும். ஒரு மணி நேரத்தில் நாம் குத்திப் பார்த்த ரப்பர் இந்தக் கட்டம்தான். 70 டிகிரிக்கு மேல் வேறொரு காரியம் நிதானமாக நடக்கிறது. முப்புரி முறுக்கு அவிழ்ந்து, கயிறு தனித்தனி இழைகளாகி, சுற்றியிருக்கும் நீரில் கரைகிறது. கரைந்த கொலாஜனுக்குப் பெயர் ஜெலட்டின். 80, 90 டிகிரியில் இது வேகம் பிடிக்கும், ஆனாலும் மணிக்கணக்கில்தான். சூட்டைக் கூட்டினால் நேரம் ஓரளவுக்குத்தான் குறையும்.

குழம்பில் மூழ்கியிருக்கிற கறி காய்ந்துபோகாது என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. தண்ணீருக்குள் கிடந்தாலும் கறி தன் நீரை இழக்கத்தான் செய்கிறது. நன்றாக வெந்த பாட் ரோஸ்டில் அரைவேக்காட்டு ஸ்டேக்கில் இருப்பதைவிட நீர் குறைவு. வாயில் வைத்தால் மட்டும் ஏன் அவ்வளவு ஈரம்? பிரிந்த நார்கள் ஒவ்வொன்றின் மேலும் ஜெலட்டினும் உருகிய கொழுப்பும் பூசியிருப்பதால்தான். ஆட்டுக்கால் பாயா குடித்தால் உதடு ஒன்றோடொன்று ஒட்டுமே, அதே ஜெலட்டின். சட்டி தளதளவென்று கொதிக்கவும் வேண்டாம். ஓரத்தில் ஒன்றிரண்டு குமிழி எழுந்தால் போதும். கயிறு அவிழ அந்தச் சூடே தாராளம், அதற்கு மேல் ஏற்றினால் நார்தான் இன்னும் வறண்டுபோகும்.

வேகவைப்பதற்கு முன்னால் கறியை நான்கு பக்கமும் கருஞ்சிவப்பாக வறுத்துக்கொள்வது முக்கியம். இப்படி வறுத்தால் சாறு வெளியேறாமல் அடைபட்டுவிடும் என்ற நம்பிக்கையைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வேதியியலாளர் லீபிக். அது தவறு. வறுத்த மேற்புறம் எதையும் அடைக்காது. வறுப்பது ருசிக்காக. புரதமும் சர்க்கரையும் சேர்ந்து நூற்றுக்கணக்கான மணப் பொருள்களை உண்டாக்கும் வினை அங்கே நடக்கிறது. 1912இல் அதை விவரித்த பிரெஞ்சுக்காரர் மெய்யார்டின் பெயராலேயே அது அழைக்கப்படுகிறது. 140 டிகிரி வாக்கில்தான் அது சுறுசுறுப்பாகும். தண்ணீர் ஊற்றிய சட்டி 100 டிகிரியைத் தாண்டாது. ஆகவே அந்த மணத்தைத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன்பே சம்பாதித்துக்கொள்ள வேண்டும். சட்டியின் அடியில் ஒட்டிய பழுப்பைச் சுரண்டிக் குழம்போடு கலக்க மறக்காதீர்கள், பாதி ருசி அதில்தான்.

சரி, சட்டிக்கு வருவோம். டச் ஓவன் என்று பெயரெடுத்த வார்ப்பிரும்புச் சட்டி அது. மணல் அச்சில் இரும்புப் பாத்திரம் வார்க்கும் முறைக்கு இங்கிலாந்தில் ஆபிரகாம் டார்பி 1707இல் காப்புரிமை பெற்றார். வார்ப்பிரும்பு வெப்பத்தைக் கடத்துவதில் மந்தம், அலுமினியத்தில் நான்கில் ஒரு பங்கு அளவுக்குத்தான் கடத்தும். ஆனால் கனம் அதிகம். கனத்த சட்டி ஒருமுறை சூடேறிவிட்டால் லேசில் ஆறாது. விறகு எரிந்து தணிந்தாலும், காற்று வீசினாலும், உள்ளே சூடு பெரிதாக ஏறி இறங்காது. ஆள் பார்க்காத சட்டிக்கு இதைவிட என்ன வேண்டும்? கனமான மூடியில் நீராவி குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கறிமேலேயே திரும்பி விழும்.

திறந்தவெளிச் சட்டிக்கு மூன்று கால் உண்டு, மூடியைச் சுற்றி வரம்பும் உண்டு. கால்களுக்கு இடையே கொஞ்சம் தணல், வரம்புக்குள் மூடிமேல் கொஞ்சம் தணல். ரொட்டி சுடும்போது அடியில் ஒரு பங்கென்றால் மேலே இரண்டு பங்கு வைப்பது வழக்கம். அடி இரும்பு மாவை நேராகத் தொடுவதால் கொஞ்சத் தணலிலேயே கருகிவிடும். மேல் சூடோ இடையிலுள்ள காற்றைத் தாண்டி வரவேண்டும், அதனால் அதற்குக் கூடுதல்.

இந்தச் சட்டி வீட்டுக்குள் மட்டும் இருக்கவில்லை. 1866இல் டெக்சாஸைச் சேர்ந்த சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்துவிட்ட வண்டி ஒன்றை வாங்கி, பின்புறத்தில் இழுப்பறைகள் கொண்ட பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவை இறக்கினால் அதுவே சமையல் மேசை. மாதக்கணக்கில் மாடு ஓட்டிச் செல்கிறவர்களுக்குச் சோறுபோட்ட சக் வேகன் இப்படித்தான் பிறந்தது. அந்த வண்டியில் சமையல்காரர் கண்ணும் கருத்துமாகக் காத்த பொருள் புளித்த மாவு வைத்த மரப்பீப்பாய். இட்லி மாவு புளிப்பதும் இதுவும் ஒரே வகைக் காரியம். லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாவும் காட்டு ஈஸ்ட்டும் மாவில் குடியிருக்கும். கொஞ்சம் எடுத்துச் சுட்டு, மீதியில் புது மாவும் தண்ணீரும் சேர்த்தால் அது தொடர்ந்து வாழும். குளிர்ந்தால் நுண்ணுயிர்கள் சோர்ந்துவிடும் என்பதால், உறைபனி இரவுகளில் பீப்பாயைத் தன் போர்வைக்குள் வைத்துக்கொண்டு படுத்த சமையல்காரர்கள் உண்டு. புளித்த மாவில் ஒரு சிட்டிகை ஆப்பச்சோடா சேர்த்ததும் அமிலத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடு பொங்கும். அந்தப் பொங்கலில்தான் அவர்கள் 'பிஸ்கட்' என்று சொல்லும், உள்ளே பஞ்சாக இருக்கும் சிறு ரொட்டி எழும்புகிறது.

பின்டோ பீன்ஸும் அந்தச் சட்டியில் நெடுநேரம் வேகும். அவரைவகை விதைகளைக் கெட்டியாக வைத்திருப்பது செல்களை ஒட்டவைக்கும் பெக்டின் என்ற பசை. கால்சியம் அந்தப் பசையை இறுக்கும், அமிலமும் கரையவிடாது. ஆகவே தக்காளியைக் கடைசியில்தான் போடவேண்டும். உப்பு போட்டால் பீன்ஸ் வேகாது என்று சொல்வார்கள். உண்மை நேர்மாறு. உப்புத் தண்ணீரில் இரவு ஊறவைத்தால் சோடியம் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு தோலை இளக்கும். உயரமான ஊர்களில் இன்னொரு சிக்கல். வயோமிங்கின் லாரமி ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் சூடு அதற்கு மேல் ஏறாது, நேரம்தான் நீளும். பிரஷர் குக்கருக்கு அங்கே மதிப்புக் கூடுதல்.

இன்றைய பண்ணை வீடுகள் பலவற்றில் தணலின் இடத்தை மின்சார ஸ்லோ குக்கர் பிடித்துக்கொண்டது. இர்விங் நாக்சன் 1940இல் காப்புரிமை பெற்ற கருவி, 1971இல் கிராக்பாட் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. கறிக்கு அது அருமை. ஆனால் சிவப்பு ராஜ்மாவைப் பச்சையாக அதில் போடாதீர்கள். அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் இளஞ்சூட்டில் அழியாது. முதலில் தனியாக நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் போடவேண்டும்.

மிச்சக் கறியைக் குழம்போடு குளிர்பெட்டியில் வைத்து, மறுநாள் காலை திறந்து பாருங்கள். மேலே வெள்ளையாகக் கொழுப்பு ஒரு தட்டு போல உறைந்திருக்கும். அதைப் பெயர்த்தால் அடியில் பழுப்பு நிறத்தில் குழம்பு அல்வாபோல நடுங்கும், கரண்டியால் வெட்டியெடுக்கலாம். அவிழ்ந்த இழைகள் குளிரில் மறுபடி அரைகுறையாகப் பின்னிக்கொண்டு நீரைப் பிடித்துவைத்திருக்கின்றன. ஒரு துண்டை எடுத்துச் சூடான பிஸ்கட்டின் மேல் வைத்தால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருகி ரொட்டிக்குள் இறங்கிவிடும்.